நாலு இஞ்சுச் சுவர்

கீழக்கரைக்கு வெளியே, டி பிளாக், இரண்டாம் மாடி.
வாடகை மூவாயிரத்து இருநூறு.
கடல் தெரியாது.
ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலை
நாக்கில் வைத்தால் தெரியும்.

குடிவந்த அன்று
காலண்டருக்கு ஓர் ஆணி அடித்தேன்,
படகுத் தச்சரிடம் ஓசியில் கிடைத்தது.
சுவர் நாலு இஞ்சு, ஆணி ஆறு.
அந்தப் பக்கம் சுலைகா
"யாரது?" என்றபோதுதான் உறைத்தது.

சண்டை வரும் என்றிருந்தேன். வரவில்லை.
கேட்டதைக் கேட்காததுபோல் இருப்பதுதான்
இங்கே மரியாதை:
தம்மாமிலிருந்து அவள் கணவன் பேசும் வெள்ளிக்கிழமை,
மேல்வீட்டுச் சவரிமுத்துவின் இருமல்,
மாதக் கடைசியில்
நானும் இவளும் பேசாமலிருக்கும் சத்தம்.

காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
குடத்தில் பெயிண்டால் பெயர் எழுதியும் மாறிப்போகும்.
இரண்டு மாதமாக எங்கள் உலையில் கொதிப்பது
'அந்தோணியம்மாள், பி-4'.

கச்சான் காற்று கரண்டை அறுத்த ஓர் இரவு
தீப்பெட்டி கேட்டு சுலைகா வாசலில் நின்றேன்.
அவள் திருப்பிய டார்ச்சில்
சுவரைவிட்டு நீட்டியிருந்தது
என் ஆணியின் முனை.
உப்புக்காற்றில் துருவேறாதிருக்க
சிவப்பு நகப்பூச்சு.
அதில் தொங்கியது
அவள் மகனின் பள்ளி அடையாள அட்டை.

இந்த மாதம் வாடகை ஐந்நூறு ஏறிற்று.
குட்டியானையில் சாமான் ஏற்றியாயிற்று.
காலண்டரைக் கழற்றினேன்.
ஆணியைப் பிடுங்கச் சுத்தியலைத் திருப்பியவன்
அதைச் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

"சுவத்துல என்ன இது?" என்றார் வீட்டுக்காரர்.
அட்வான்ஸில் ஐம்பது ரூபாய்
பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.