ஓர் அடிக்குறிப்பு

நாரஹேன்பிட்டியில், தொழில் திணைக்களத்தில்
எட்டாம் மாடி ஒன்று சொல்லும்,
ஆறாம் மாடி வேறொன்று சொல்லும்.
ஏழாம் மாடியில் இருந்து
நான் மொழிபெயர்க்கிறேன்.

சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.
விசாரணை சிங்களத்தில் நடக்கும்.
இந்தக் கோவையில் இறந்தவர்
தமிழில் கூப்பிட்டபடி விழுந்தார்.

கிராண்ட்பாஸில் ஓர் அச்சகம்.
சவிரிமுத்து றொபின்சன், வயது நாற்பத்தொன்று.
மூன்றாம் தட்டில் சரக்கு லிப்டின் கதவு திறந்திருந்தது,
லிப்ட் அங்கே இருக்கவில்லை.
நேரம் பன்னிரண்டு நாற்பது.
பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தாயிற்று.
ஆகவே
பத்து நிமிடம்தான் வழக்கு.

எட்டாம் மாடியில் இருந்து பரிசோதகர் போனார்.
அளவு நாடா பிடித்தார், படம் எடுத்தார்.
லிப்ட் ஓர் இயந்திரம் என்றார்.
கதவுக்குத் தடுப்பு இல்லாதது குற்றம் என்றார்.
முதலாளி தண்டம் கட்டினார், மறுபேச்சில்லை:
ஒரு ரீல் கடதாசியின் விலையிலும் குறைவு.

ஆறாம் மாடிக்கு வேறு கேள்வி.
விழுந்தவர் வேலையாளா?
ரீல் எண்ணிக்கைக்குக் கூலி.
சேமலாப நிதியில் பெயரில்லை.
சம்பளப் பட்டியலில் உண்டு, பென்சிலில்.
"ஓட்டைக்கு முதலாளி இருக்கிறார்,
ஓட்டைக்குள்ள விழுந்த மனுசனுக்குத்தான் இல்ல"
என்றாள் பக்கத்து மேசை நஸ்மியா,
பெட்டிஸைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தபடி.

விசாரணையன்று மேற்பார்வையாளர் கனகேந்திரன்
சத்தியம் செய்து சொன்னார்:
"அவர் அதில சும்மா நிண்டவர்."

அறை என்னைப் பார்த்தது.

முருங்கைக்காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா.
சும்மா இரு என்றால் வாயை மூடு.
சும்மாதான் வந்தேன் என்று வருகிறவர்
கடன் கேட்க வந்திருப்பார்.
சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரன்
என்றும் அதே கனகேந்திரன்
அதே சாட்சியத்தில், இரண்டு வரி மேலே.

சிங்களத்தில் 'நிக்கங்' இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில்.
எடுத்து வைத்தேன்.
முதலாளியின் சட்டத்தரணி
அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்:
வேலையேதும் இன்றி.
பேனையை மூடினார்.

பின்வாங்கில் பிலோமினா எழும்பினாள்.
"சும்மா எண்டா, லிப்ட் வரும்வரைக்கும் எண்டு.
கீழ இருந்து ரீல் வரவேணும்.
வந்து இறக்காமல் எப்பிடிச் சாப்பிடப் போறது?
பெட்டியில வைக்கேக்கையும் நகத்துக்குள்ள மை.
நான்தான் ஊசியால எடுத்தனான்."

அவள் சத்தியம் செய்யவில்லை.
ஆகவே அது பதிவில் இல்லை.

மாலை நான்கு மணிக்கு, பிரதி ஒப்படைக்கும்போது
பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
'இச்சொல் தமிழில்
காத்திருத்தலையும் குறிக்கும்.'

ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
கெட்டவர் இல்லை.
"மிஸ், பொருள்கோடல் எங்கள் வேலை.
உங்களுடையது மொழிபெயர்ப்பு."
ஆனாலும் அந்த வரியை வெட்டவில்லை,
பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.
பென்சிலில் இருப்பது எதுவும்
இந்தக் கட்டிடத்தில்
இல்லை என்றும் ஆகாது, உண்டு என்றும் ஆகாது.

அடுத்த தவணை ஒன்பது வாரம் கழித்து.
பிலோமினா துண்டை மடித்து
மார்புக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"அண்டைக்கும் நீங்கதான் வருவீங்களா?"
எனக்குத் தெரியாது என்றேன்,
அது எந்த மொழியிலும் சரியாக வரும்.

நூற்றுமூன்றாம் இலக்க பஸ் பிந்திவிட்டது.
தரிப்பிடத்தில் மழைத்தண்ணி, செருப்பில் சேறு.
ஃபோனில் கணவர்:
"என்ன செய்யிறீர்?"

வாய் வரைக்கும் வந்தது அந்தச் சொல்.
பஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்
என்றேன்,
ஒவ்வொரு எழுத்தாக.