ஒரு சொல்லுக்குக் கூலி

பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போது
குளிர் போதாது என்றார் வந்தவர்.
சாரதி கூட்டினான்.
மூன்று நாளைக்கு அவர் வாய்க்கும் எங்கள் சனத்தின் காதுக்கும் நடுவில்
நான்தான் பாலம்.
நாட்கூலி ஆறாயிரம், மத்தியானச் சோறு தனி.

நண்டு உடைக்கிற கொட்டிலில்
யோகமலர் எழும்பவில்லை. மடியில் வேலை இருந்தது.
சதை வழித்துக் கொடுத்தால் கிலோவுக்கு எவ்வளவு?
சொன்னாள். சொன்னேன். எழுதினார்.
அங்க ஒரு தட்டு என்ன விலையாம்?
கேட்டேன்.
சிரித்தார்.
அதை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

வெளியே கிணறு.
கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருசம் கட்டியது.
தண்ணி கச்சல், வாளியும் இல்லை.
கொடுத்த நாட்டின் பெயர் வெட்டிய கறுப்புக் கல்லில் மட்டும்
முகம் பார்க்கலாம்.
அவர் அதைப் படம் எடுத்தார்.

எத்தனை கடன்?
மூன்று. திங்கள்காரன், புதன்காரன், வெள்ளிக்காரன்.
ஏன் எடுத்தீர்கள்?
மழை பிழைச்சிட்டு மனே. மறுகா வந்த மழை
வயலையே கொண்டு போயிட்டு.
மேகத்துக்கு நாங்களா நெருப்பு மூட்டின?

வெள்ளிக்காரனின் கம்பனிக் கையேட்டைப்
போன வருசம் தமிழாக்கினவனும் நான்.
முதல் போட்டவர்கள் பட்டியலில், மூன்றாம் வரி,
இவர் நாட்டு ஓய்வூதிய நிதியம்.
அதை அவரிடம் சொல்ல
யாரும் எனக்குக் கூலி தரவில்லை.

ஓட்டைத் தட்டிக்கொண்டே யோகமலர் சொன்னாள்:
"அவங்களுக்கும் ஒரு கடன் இரிக்கி எண்டு சொல்லு மனே."

பேனா காத்து நின்றது.
கடன்.
வாங்கித் திருப்பாததும் அது,
செய்தே தீரவேண்டியதும் அது,
பிணத்துக்குப் பிள்ளை செய்வதும் அதுதான்.
அவர் மொழியில் அவை வெவ்வேறு வளவில்
வேலி போட்டு இருக்கின்றன.
ஒன்றைச் சொன்னால் கணக்குக் கேட்பார்.
மற்றதைச் சொன்னால் தலையாட்டி
இன்னொரு கிணறு தருவார்.

எதைக்கா சொன்னீங்க என்று அவளையே கேட்டேன்.
"ரெண்டும் ஒண்டுதானே."
அடுத்த நண்டின் காலை முறித்தாள்.

நான் மெதுவான சொல்லைச் சொன்னேன்.
அவர் நெஞ்சில் கைவைத்து, ஆம் என்றார்.
குறிப்பேட்டில் அடிக்கோடும் போட்டார்.

பாலம் திரும்ப வந்தது.
உறையில் கூலி தந்தார்.
ஒரு தாள் கூடுதலாக இருந்தது.
எண்ணிப் பார்த்தேன், இரண்டு தரம்,
திருப்பிக் கொடுக்கவில்லை.
நகத்துக்குள் நண்டு மணத்தது, நான் தொடாத நண்டு.