மேல் இடது மூலை

ரிச்சி தெருவில் ஆயிரத்து எண்ணூறுக்கு
பேரம் பேசி வாங்கிய ஸ்கேனர்.
மூடியில் ஒரு கீல் உடைந்திருந்தது.
"அதுக்குத்தான் மேடம் இந்த விலை" என்றான் கடைப் பையன்.
வேறெதற்கும் இல்லை என்று நானும் நம்பினேன்.

பெரம்பூரில் இரண்டாம் மாடி.
ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வேலை.
காற்றுக்குக் கார்டு நகரும்,
நகர்ந்தால் வீரனுக்கு இரண்டு மூக்கு.
கார்டைக் கவிழ்த்து, மேலே கறுப்புத் துணி போட்டு,
மூடி எழும்பாமல் இருக்க
இரண்டு கிலோ இட்லி அரிசிப் பை.
வெளிச்சம் ஒருமுறை
நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போகும்.

முந்நூறு புள்ளியில் எல்லாரும் அழகு.
அறுநூறில் ஓரம் லேசாக நரைக்கும்.
ஆயிரத்து இருநூறில்
அச்சடித்தவன் தும்மியதுவரை தெரியும்.
நான் ஆயிரத்து இருநூறு.
மறைத்து விற்றால் மறைத்தது
கூரியரில் திரும்பி வரும்,
போகவர செலவும் என் தலையில்.

சைதாப்பேட்டை தணிகைவேலுக்கு இந்த வம்பே கிடையாது.
ட்யூப்லைட்டுக்குக் கீழே
கட்டைவிரலும் சேர்ந்து விழ ஒரு செல்போன் படம்.
பாதிக் கார்டை வெளிச்சம் தின்றிருக்கும்.
மீதியை வாங்குகிறவன் நினைத்துக்கொள்வான்.
நினைத்துக்கொள்கிறவன்
எப்போதும் கொஞ்சம் கூடவே கொடுக்கிறான்.
அவர் ஒரு மணி நேரத்தில் விற்ற அதே கார்டை
மூன்று வாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் படத்தில் ஒரு கோடு.
மேல் இடது மூலையில்,
முடியளவு, வெள்ளையாக, சாய்வாக.
கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் தெரியாது.
எனக்கு நாற்பத்தாறு வயது,
எந்திரத்துக்குக் கண் நல்ல கண் என்று நினைத்தேன்.
"மூலையில் மெல்லிய கீறல், வேறு குறையில்லை"
என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினேன்.
ஆயிரம் போகவேண்டியது அறுநூறு.
வெள்ளித்தாள் ஒட்டிய சுழற்பந்துக்காரன்,
வெளிச்சத்தில் தகதகப்பவன்,
ஸ்கேனரில் கரிச்சட்டியாக விழுந்தான்.
அவன் ஐந்நூறு. கீறலுக்காக இன்னும் ஐம்பது கழிவு.

ராயபுரம் லயனல் பெரைரா மட்டும்
பேரமே பேசாமல் வாங்கினார்.
மொத்தம் இருபத்து மூன்று.
கீறலைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.
எவ்வளவு நல்ல மனிதர் என்று
பார்சலுக்கு ஒன்றாக
பிளாஸ்டிக் உறை இலவசமாக வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
கரண்ட் போய்ப் போய் வந்தது.
அவசரத்தில் கார்டைத் தலைமாற்றி வைத்துவிட்டேன்.
திரையில் வீரன் தலைகீழாகத் தொங்கினான்.
கோடு மட்டும் அசையவில்லை.
நேற்றுவரை தொப்பியில் இருந்தது
இன்று அவன் ஷூவில்.

இன்னொரு கார்டு. அதே இடம்.
கரண்ட் பில். அதே இடம்.
கடைசியில் வெறும் கறுப்புத் துணி:
அமாவாசை வானத்தை
எவனோ நகத்தால் கிழித்த மாதிரி.
அரிசிப் பையை இறக்கிவைத்துவிட்டுத்
தடவிப் பார்த்தேன்.
கண்ணாடி விரலை இடறியது.

இருபத்து மூன்று பெருக்கல் நானூறு.
கணக்கை முடிக்கவில்லை.

லயனலுக்குச் செய்தி அனுப்பினேன்:
"உங்களுக்குத் தெரியுமா?"
இரண்டு நீல டிக்.
எழுதுகிறார். நிறுத்துகிறார். எழுதுகிறார்.
"மூணாவது கார்டுலயே தெரிஞ்சுதும்மா."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஸ்கேனர மாத்திடாதீங்க."

கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.
அவர் என் படத்தை
என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார்,
அதற்கு என்ன கட்டணம் போடுவது?

இன்று ஸ்கேனரை விற்பனைக்குப் போட்டேன்.
படம் வேண்டுமே.
சமையலறை ட்யூப்லைட்டுக்குக் கீழே தூக்கி வைத்து,
கண்ணாடியின் மேல் இடது மூலையில்
வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்வரை
செல்போனைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தேன்.
கட்டைவிரல் கொஞ்சம் விழுந்தது. விழட்டும்.

கீழே எழுதினேன்:
மூடியில் ஒரு கீல் உடைந்திருக்கிறது.
அதற்குத்தான் இந்த விலை.