இரண்டு புள்ளி

டீச்சரின் பெயர் ஷென்கூல்.
அதைச் சொல்லப் பழக எனக்கு ஏழு கிழமை.
இப்போதும் பிழைதான்,
அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டுகிறார்.

கொன்யாவில் மண் விஞ்ஞானம் படிக்கப் புலமைப்பரிசில்.
கிண்ணியாவில் இரவு ஒன்பதரை, அங்கே ஏழு மணி.
சிக்னல் கிடைப்பது அடுப்படி யன்னலில் மட்டும்,
அதற்குக் கீழே உம்மா கீரிமீன் கழுவுகிறாள்.

சில விஷயம் லேசு.
புள்ளியில்லாத ஒரு இ அவர்களிடம் உண்டு.
கானாவிலிருந்து படிக்கும் பொடியன்
தொண்டை கட்டும்வரை முயன்றான்.
நான் "காத்து" என்று சொல்லிக் கடைசியில் நின்றேன்.
அந்த உ. உதடு குவியாத உ.
குற்றியலுகரம் என்று பாடமாக்கிப்
பரீட்சையோடு மறந்தது.
"அஃபெரின்!" என்றார் டீச்சர்.

ஒ-வில்தான் விழுந்தேன்.
அவர்களுக்கு இரண்டு ஒ.
ஒன்று நம்முடையது. மற்றதன் தலையில் இரண்டு புள்ளி:
நாக்கில் எ, உதட்டில் ஒ,
ஒரே நேரத்தில்.
ஒல்து என்றால் ஆனது, நடந்தது.
அதற்கே புள்ளி வைத்தால் செத்தது.
பக்கத்து வீட்டுப் பூனை செத்ததைச் சொல்லப் போனேன்.
"பூனை ஆனது."
என்ன ஆனது என்று கேட்டார்.
ஆனது, ஆனது என்றேன்.

எங்கள் எழுத்தில் உயிர் போக ஒரு புள்ளி போதும்.
அவர்களுக்கு இரண்டு வேண்டும்.

பிறகு மிஷ் வந்தது.
கண்ணால் கண்டதற்கு ஓர் இறந்தகாலம்,
கேள்விப்பட்டதற்கு இன்னொன்று.
டீச்சர் அரை மணித்தியாலம் படம் கீறி விளக்கினார்.
எனக்கு அரை நிமிடம்.
கெல்தி, வந்தான். கெல்மிஷ், வந்தானாம்.
இந்த ஊர் ஓடுவதே ஆம்-இல்.
மண்ணெண்ணெய் வருதாம். மாவுக் கப்பல் வந்திட்டாம்.
கச்சேரியில ஃபைல் மேல போயிட்டாம்.

வீட்டுவேலை: குடும்பத்தில் ஒருவர் பற்றி ஐந்து வசனம்.
லாபிர் மாமாவை எழுதினேன்.
பாலம் வராத காலம்.
திருத்தக் கொடுத்த மணிக்கூட்டை எடுக்கத்
திருமலைக்குப் போகப் பாதையில் ஏறினார்.
போனார். கித்தி.
டீச்சர் சிவப்பில் அடித்தார்.
நீ கண்டாயா?
நான் பிறக்கவேயில்லை.
அப்படியென்றால் கித்மிஷ்.

அப்போதுதான் கவனித்தேன்,
உம்மா மாமாவின் கதைக்கு ஒருநாளும் ஆம் போட்டதில்லை.
வாப்பா சொல்வது போனானாம்.
அவள் போனான் என்பாள். ஏத்தினாங்கள் என்பாள்.
கேட்டேன்.
செதிலைச் சுரண்டியபடி
"நான் கண்டனே" என்றாள்.
"இக்கரையில நிண்டன்.
சாரத்தத் தூக்கிப் பிடிச்சிட்டுத்தான் வேனில ஏறினான். சேறு."
பிறகு மஞ்சள்தூளை எடுக்கச் சொன்னாள்.

எனக்குப் பத்தொன்பது வயது.
இந்த வீட்டில் யாரும் அவளிடம்
ஒரு வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக் கேட்டதில்லை.

டீச்சருக்கு எழுதினேன்: உம்மா கண்டிருக்கிறாள்.
அவர் கித்தி என்று சொல்லலாம், நீ சொல்ல ஏலாது,
என்று பதில் வந்தது.
அதன் கீழே, பிறகு என்ன நடந்தது?
நடந்தது என்று அவர் எழுதிய சொல்லில்
புள்ளி இல்லை.

வியாழக்கிழமை, பாலத்தில் பஸ் போகையில்
அந்த ஒ முதல் தடவையாகச் சரியாக வந்தது.
நாக்கில் எ. உதட்டில் ஒ.
மிச்ச எழுத்தைச் சொல்லாமல்
வாயை அப்படியே வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண்
"சத்தி வருதா மகள்?" என்று
ஷொப்பிங் பேக்கை நீட்டினாள்.