ப்ராட்

பகாவ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்
இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றும்.
அதன் கீழே என் நாற்காலி.
பதினோரு வருடமாக
பொய்யையும் மெய்யையும்
ஒரே சம்பளத்துக்கு மொழிபெயர்க்கிறேன்.

கூண்டில் சன்னாசி.
செம்பனைக் குலையை இரும்புக் கம்பியால் குத்தி
தலைக்கு மேலே லாரிக்குள் எறிந்து எறிந்து
வலது தோள் மட்டும் வேறொருவருடையது போல் இருக்கிறது.
எடை குறைத்து எழுதிய மண்டோரை
அறைந்துவிட்டார். ஒரே அறை. பல் ஒன்று.

மிஸ் லிம் எழுந்து ஆங்கிலத்தில் கேட்கிறார்:
கூட்டாளி தேவசகாயம்
உங்களை ப்ராட் செய்தாரா?

நான் வாய் திறப்பதற்குள்
அந்த ஒரு சொல் கூண்டுக்குள் விழுந்துவிட்டது.
"யாரு ப்ராடு?
இருவத்தேழு வருசம், ஒரு லூஸ் பழம்
எடுத்திருப்பனா? அந்தம்மாவ
வார்த்தைய வாபஸ் வாங்கச் சொல்லு!"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.
அது வேறுங்க, இது வேறுங்க என்றேன்.
சரி, இது என்ன?

குத்தினான் என்றால் ஆயுதம் வந்துவிடும்.
இடித்தான் என்றால் தெரியாமல் பட்டது.
சீண்டினான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை.
தூண்டினான் என்றால் விளக்கு ஞாபகம் வருகிறது, விரல் படவே இல்லை.
உசுப்பேத்தினான் என்றால்
தேவசகாயமும் இந்தக் கூண்டுக்கு வரவேண்டியதுதான்.
மலாய்க்காரர்களுக்குக் கவலையில்லை.
சுச்சோக் என்றால் ஊசி போடுவதும் அதுதான்
மூட்டிவிடுவதும் அதுதான்.
என் தமிழ்தான் கோர்ட்டு நடுவில் முரண்டு பிடிக்கிறது:
கை பட்டதா படவில்லையா,
முதலில் அதைச் சொல்.

கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
"கம்பி பட்டுச்சாங்க, இல்ல வார்த்தையா?"

சன்னாசி கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார்.
"கம்பியத் திருப்பிப் புடிச்சு
மொட்ட முனையால முதுகுல வச்சான்.
குத்தலம்மா. சும்மா வச்சான்.
நீ கேக்கலன்னா எவன் கேப்பான்னான்.
எது மொதல்லன்னு தெரியல.
ஆனா அறைஞ்சது நான்தான்,
அத அவன் கணக்குல எழுதிராதீங்க."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிக் காத்திருந்தார்.
மிஸ் லிம் காத்திருந்தார்.
தேவசகாயம் வெளியே மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல
சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் முழங்கையில் ஏதோ பட்டது.
குமாஸ்தா ஃபரிடா,
பேனாவின் மூடிப் பக்கத்தால்,
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.
சீக்கிரம் என்பதா, ஆள் இருக்கிறாயா என்பதா,
எனக்கும் பசிக்கிறது என்பதா.

வலிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.
"துவான்" என்று தொடங்கி
கம்பியைச் சொன்னேன், மொட்டை முனையைச் சொன்னேன்,
முதுகைச் சொன்னேன், அவன் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.
வினைச்சொல் வரவேண்டிய இடத்தில்
ஆட்காட்டி விரலை நீட்டி
காற்றை லேசாகத் தொட்டுக் காட்டினேன்.

ஃபரிடா தட்டச்சை நிறுத்தி
இதை எப்படி அடிப்பது என்றாள்.