வற்று நேரம்

எங்கள் தீவுக்கு வரும் சாலை
நாளைக்கு இருமுறை இருக்காது.

வெளிக்கதவின் உட்புறம், சாவிக் கொக்கிக்குக் கீழே
ஓத அட்டவணை.
இன்று ஒன்பது பத்துக்குத் திறக்கும்,
இரண்டு நாற்பதுக்கு மூடும்.
நாளை ஐம்பது நிமிடம் தள்ளி.
டென்மார்க்கில் மற்றவர்களுக்குத் திங்கள், செவ்வாய்.
எங்களுக்கு நிலா.

நேற்றிரவு எழுதியதில் பதினொரு வேலை:
பல், ரம்பச் சங்கிலி, நாய்க்குத் தடுப்பூசி,
வங்கியில் அந்தக் கையெழுத்து,
பக்கத்து வீட்டு ஓலுஃபுக்கு மூக்குக்கண்ணாடி,
திரைத்துணி, நடைவழிக்கு பல்பு,
இன்னும் ஏதேதோ.
கடைசி வரியில், வழக்கம்போல், ரிக்கெ.
என் தங்கை.

பதினொன்றுக்கும் சேர்த்து ஐந்தரை மணி நேரம், கச்சிதம்.
அந்தக் கணக்கில்
யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை,
முன்னால் டிராக்டர் எதுவும் ஊர்வதில்லை,
எனக்குப் பசிப்பதுமில்லை.
அது வேறொருத்தியின் நாள். நல்லவள்தான்.
முப்பது வருடமாக அவளுக்காகவே பட்டியல் எழுதுகிறேன்,
ஒருநாள்கூட வந்து செய்துகொடுத்ததில்லை.

தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்றவர்
கடல்மேல் கார் ஓட்டியிருக்க மாட்டார்.
சாண் தண்ணீரில் சக்கரம் நனையும்.
முழத்தில் இன்ஜின் நிற்கும்.
மூன்று வருடத்துக்கு முன் நின்றது.
கூரைமேல் ஏறி உட்கார்ந்து
ஓலுஃபின் டிராக்டர் வரும்வரை கடலைப் பார்த்தேன்,
மடியில் இரண்டு டஜன் முட்டை.
ஒன்றுகூட உடையவில்லை.
அன்றைக்குப் பட்டியல் முழுவதும் முடித்திருந்தேன்.

ஆகவே இன்று காபிக்கு முன் பேனாவை எடுத்தேன்.
ரம்பம்: மார்ச்சில் யார் மரம் வெட்டுகிறார்கள்.
கையெழுத்து: தபாலுக்கும் கால் உண்டு.
திரை: ஜன்னல் இதுவரை புகார் சொல்லவில்லை.
அடித்து அடித்து, நின்றது நான்கு.
பல், நாய், கண்ணாடி, பல்பு.
கோடு ரிக்கெயின் பெயருக்கு நடுவே ஓடியிருந்தது.
என் கைதான் இழுத்திருக்கிறது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
பல்பை அடித்தேன். ஓரத்தில் அவளை மறுபடி எழுதினேன்:
இருபது நிமிடம்.

பல் மருத்துவர் வருவதற்கே நாற்பது நிமிடம் போயிற்று.
ஊசியைப் பார்த்த நாய் மேசைக்கடியில் குடியேறியது.
கண்ணாடிக் கடை கதவில் 'இன்று விடுமுறை'.
ரிக்கெயின் அழைப்புமணியை அழுத்தும்போது ஒன்று ஐம்பது.

"எவ்வளவு?"
"இருபது."
"கோட்டைக் கழற்றாதே, வா."

என் வாயில் பாதி இன்னும் மரத்திருந்தது.
காபி உதட்டோரம் வழிந்தது.
அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்,
படுக்கைவிரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.
விலகி இழுத்தோம், நெருங்கி மடித்தோம்,
மறுபடி விலகினோம்.
மூன்றாவது விரிப்பில் சொன்னாள்,
யோர்ன் போய்விட்டானாம்.
ஜனவரியிலேயே.

"போனில் சொல்லியிருக்கலாமே."
"போனிலும் நீ
அட்டவணையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவாய்."

ஜனவரியிலிருந்து எண்ணினேன். ஒன்பது பட்டியல்.
ஒன்பது கடைசி வரி.
நான்காவது விரிப்பை மெதுவாக மடித்தோம்,
மூலைக்கு மூலை, தேவைக்கு மேல் சரியாக.

இரண்டு பன்னிரண்டு. "கிளம்பு" என்றாள்,
"கூரைமேல் உட்காராதே."

சாலையின் இருபுறமும் தண்ணீர் விளிம்பு தைத்துக்கொண்டு வந்தது.
நடுவழியில் சக்கரம் நனைந்தது. ஒரு சாண்.
பின்னிருக்கையில் நாய் என்னை மன்னிக்காமல் படுத்திருந்தது.

ஓலுஃபுக்கு விஷயத்தைச் சொன்னேன்.
பழைய கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு
"எழுத்துதானே, ஓடியா போகும்" என்றார்.

எங்கள் நடைவழிக்கு ஜன்னல் இல்லை.
சுவரைத் தடவிப் போனேன்:
குடைத்தாங்கி, முழங்கால், ஐயோ, கொக்கி, அட்டவணை.
நாளை மறுநாள் பத்து ஐம்பதுக்குத் திறக்கும்,
அதை வாசிக்க வெளிச்சம் வேண்டாம்.

இருட்டிலேயே எழுதினேன்: ரிக்கெ.
நேரம் போடவில்லை.
பிறகு என்னை எனக்குத் தெரியும் என்பதால் போட்டேன்,
ஒரு மணி பத்து நிமிடம்.

கீழே, பல்பு.
முடிந்தால்.