மீன் வாடை

மீன் வாடை அடிக்கிறதென்றுதான் கூப்பிட்டார்கள்.
"மூன்று வாரமாக இந்த வீட்டில் மீனே வாங்கவில்லை"
என்றார் இட்வல், ஏணியின் காலைப் பிடித்தபடி.
அபர்டேரில் அன்று மழை
பனியாகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"எப்போது வரும்?"
"காட்ரின் குளித்த பிறகு."
மகள் மாடிப்படியில் நின்று முறைத்தாள்.

மெயினை அணைத்துவிட்டு மேலே ஏறினேன்.
முழங்காலுக்கு உத்தரம், தலைக்கு ஆணி,
முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு வெந்நீர்.
எங்கு பார்த்தாலும் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு,
ஒரு முழம் தடிமன்,
ஓரத்தில்கூட ஒரு விரல் நுழையாது.
"நானே போட்டது" கீழிருந்து குரல்.
"கேஸ் பில் எவ்வளவு குறைந்தது தெரியுமா?"

தெரியும். நல்ல வேலைதான்.
வீட்டுக்குக் கம்பளி வேண்டும்.
ஷவருக்குப் போகும் வயருக்கு வேண்டாம்.
நாற்பது ஆம்பியர் சுமந்து ஓடுகிறவன்
வியர்வையை எங்கே துடைப்பான்?
பஞ்சை விலக்கினேன்.
சாம்பல் உறை பழுப்பாகி,
பழுப்பு ஓரிடத்தில் கறுப்பாகி,
தொட்டால் பிசினாக ஒட்டியது.
அங்கேதான் இருந்தது அந்த மீன்.

மேலே தூக்கிக் கட்டினால் போதாது,
இது வெந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்
என்று சொல்ல வாயெடுத்தபோது
டார்ச் வெளிச்சம் சுவரைத் தேடிப் போய்
சுவர் இல்லாமல் திரும்பியது.

வரிசை வீடுகள். கட்டியவன்
கூரைக்குள் செங்கலை மிச்சம் பிடித்திருக்கிறான்.
பக்கத்து வீட்டின் மேற்புறம் அப்படியே தெரிந்தது:
உடைந்த தொட்டில், கிறிஸ்துமஸ் பெட்டி,
அதைச் சுற்றிலும் அதே மஞ்சள்,
அதே கை வெட்டிய அதே கோணல் விளிம்பு.

இறங்கி வந்து கேட்டேன்.
இட்வல் தன் செருப்பைப் பார்த்தார்.
"நாலு சுருள் மிஞ்சியது.
அவள் பக்கத்துக் குளிர் இங்கே வந்தது, அவ்வளவுதான்."
"அவ்வளவுதான்" என்று இன்னொரு முறையும் சொன்னார்.
காட்ரின் என் காதருகே:
டெக்வென் ரோசரும் அப்பாவும் பேசி ஒன்பது வருஷம்.
ஒரு மழைநீர்க் குழாய்த் தகராறு.

"அவர் வீட்டு ஷவரும் மின்சாரத்தில்தானா?"
பதில் இல்லை.
"அந்த வயரும் உங்கள் பஞ்சுக்கு அடியில்தான் கிடக்கிறது.
நான் பார்க்கவேண்டும். அவர் அனுமதி வேண்டும்.
கேட்கவேண்டியது நீங்கள்."

கோட்டு போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.
சட்டைக்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் இழையை
தட்டிவிட்டுப் பார்த்தார், போகவில்லை.

நான் எங்கள் வாசலிலிருந்தே கேட்டேன்,
மணிச்சத்தம், செருப்புச்சத்தம், தாழ்ப்பாள்,
ஒரு பெரிய சும்மா,
பிறகு ஒன்பது வருஷத்தின் முதல் வார்த்தையாக இட்வல்:

"டெக்வென், உன் வீட்டில்
மீன் வாடை அடிக்கிறதா?"